ஓரடிக்கு அரை அங்குலம்

ஆறுமுகநேரி அளங்களில் உப்பு ஏற்றும் லாரியைத் துரு பிடிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. பின்கதவின் கீல்களில்தான் தொடங்கும். அடுத்து, பாடியை அடிச்சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும் போல்ட்டுகளின் தலை. பிறகு மட்கார்டின் உள்வளைவு, கேபின் கதவின் அடிவிளிம்பு, வில்பட்டைகளைத் தாங்கும் கொக்கிகள். நெற்றிப் பலகையில் எழுதியிருக்கும் ‘முருகன் துணை’யோ ‘மாதா துணை’யோ ‘786’ஓ மட்டும் கடைசிவரை பளிச்சென்று இருக்கும். அவ்வளவு உயரத்துக்கு உப்புத் தண்ணீர் தெறிப்பதில்லை.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே கசிந்து நீராகும். அளத்தில் வாரிய உப்பில் கொஞ்சம் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். அதற்கு 33 சதவீத ஈரமே போதும். பகலெல்லாம் இடுக்குகளில் வெள்ளைத் தூளாக ஒட்டியிருப்பது, இரவில் கடற்காற்று பட்டதும் இளகி, போல்ட்டின் மறைக்குள்ளும் கீலின் இடுக்குக்குள்ளும் இறங்குகிறது. வண்டி நிற்கும் இரவுகளிலும் அரிப்பு நிற்பதில்லை.

லாரிகளைச் சிறிதாகச் செய்து வண்ணம் பூசுவது என் பொழுதுபோக்கு. துருவின் வரிசையை எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். பிறந்ததிலிருந்து பார்த்துவந்த வண்டிகள்தான் என்றாலும், ஒரு லாரியின் பின்கதவுக்கு எத்தனை கீல் என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். செய்ய உட்கார்ந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தே ஆக வேண்டும்.

நான் எடுத்துக்கொண்ட அளவு 24இல் ஒரு பங்கு. உலகெங்கும் மாதிரி வண்டி செய்பவர்களிடம் பல அளவுகள் புழங்குகின்றன. 43இல் ஒரு பங்கு என்பது பொம்மை ரயிலிலிருந்து வந்தது. ரயில் நிலையத்தின் முன்னால் நிறுத்திவைக்க லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் 1930களில் வார்த்த சின்னக் கார்கள் பின்னாளில் டிங்கி டாய்ஸ் என்ற பெயரில் பிரபலமாயின. அமெரிக்கர்களுக்கு 25இல் ஒரு பங்கு. கார் விற்பனையாளர்கள் வாடிக்கையாளருக்குக் காட்டக் கொடுத்த பிளாஸ்டிக் கார்களின் அளவு அது. எனக்கு 24 பிடித்துப்போனதற்குக் காரணம் நம் ஆசாரிமார். லாரிப் பட்டறையில் இன்றும் பேச்சு அடிக்கணக்கில்தான் நடக்கிறது. பதினெட்டு அடிப் பாடி, ஏழடி அகலம், ஒரு அங்குலப் பலகை என்றுதான் சொல்வார்கள். 24இல் ஒரு பங்கு என்றால் ஓரடிக்கு அரை அங்குலம். ஆசாரி பதினெட்டு அடி என்றால் எனக்கு ஒன்பது அங்குலம். அவர் வாயிலிருந்து வரும் அளவைக் கால்குலேட்டர் இல்லாமல் அப்படியே மேசைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

கடையில் வாங்கும் பெட்டியில் இந்த லாரி கிடைக்காது. ஜப்பானின் ஷிஜுவோகா நகரத்துத் தமியா நிறுவனமும், இத்தாலியின் இட்டாலெரியும், அமெரிக்காவின் ஏஎம்டியும் ரெவெலும் போட்டிருக்கும் பெட்டிகளில் ஐரோப்பாவின் நெடுஞ்சாலை டிரக்குகளும் அமெரிக்காவின் நீளமூக்கு டிரக்குகளும் இருக்கின்றன. அவற்றின் நேர்த்தியில் எனக்குத் தீராத மரியாதை உண்டு. 1946இல் மர வியாபாரமாகத் தொடங்கியது தமியா. அதை நடத்திய ஷுன்சாகு தமியா, ஒரு போர்ஷே 911 காரை மாதிரி செய்வதற்காக நிஜக் காரையே விலைக்கு வாங்கிப் பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டார். அப்படிப் பிரித்துப் பார்த்த கைகளில் இருந்து வந்ததால்தான் அந்த நிறுவனத்தின் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு துண்டும் மற்றதோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. நம்முடைய டாடா 1210க்கும் லேலண்ட் காமெட்டுக்கும் அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. டாடா 1954இல் டைம்லர் பென்ஸோடு சேர்ந்து லாரி கட்டத் தொடங்கியது. 1948இல் அசோக் மோட்டார்ஸாகப் பிறந்த எண்ணூர்க் கம்பெனி 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. இந்த இரண்டு பெயர்களும் இல்லாமல் நம் சாலைகளின் ஐம்பது ஆண்டுக் கதையை எழுத முடியாது. ஆனாலும் இந்த வண்டிகளின் மாதிரி என்று நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது, பின்னால் இழுத்து விட்டால் ஓடும் பிளாஸ்டிக் பொம்மைதான். கல்கத்தாவில் ஒரு நிறுவனம் 1960களின் இறுதியில் டிங்கியின் பழைய அச்சுகளை வாங்கி நிக்கி டாய்ஸ் என்று வார்த்து விற்றது. அவையும் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் கார்கள்.

ஆகவே தொடக்கத்திலிருந்து முடிவு வரை நாமே செய்ய வேண்டியதுதான். அதில் இன்னொரு காரணமும் கலந்திருக்கிறது. லாரி கம்பெனி விற்றது என்ஜினும் அடிச்சட்டமும் முன்முகப்புத் தகடும் மட்டுமே. கேபினும் பாடியும் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகளிலும் அந்தந்த ஊர்ப் பட்டறைகளிலும் கட்டப்பட்டவை. ஒரே கம்பெனியின் ஒரே வகை அடிச்சட்டத்தின் மேல் இரண்டு ஊர் ஆசாரிகள் கட்டினால் இரண்டு வண்டி. முன்கண்ணாடிக்கு மேல் வரும் நெற்றிப் பலகையின் வளைவைப் பார்த்தே இது எந்தப் பக்கத்து வேலை என்று சொல்லக்கூடிய டிரைவர்கள் இருந்தார்கள். கம்பெனி வரைபடங்கள் அத்தனையும் கையில் கிடைத்தாலும் அவற்றில் பாதி லாரிதான் இருக்கும். மிச்சப் பாதி ஆசாரியின் கைப்பழக்கத்தில் இருந்தது.

அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பட்டறைக்குப் போனால் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான். “அண்ணாச்சி, பிள்ளையளுக்கா செய்யுதிய?” இல்லை என்றால் ஒரு சிரிப்பு. கையில் இருக்கும் மாதிரியை நீட்டினால் அந்தச் சிரிப்பு போய்விடும். திருப்பிப் பார்ப்பார்கள், எல்லா ஆசாரியும் முதலில் பார்ப்பது அடிப்பக்கம். ஒரு பெரியவர் சொன்னது: “சேசிஸ் மேல கட்டையை நேரா வைக்க மாட்டோம். நடுவுல பழைய டயர வெட்டி ஒரு பட்டை குடுப்போம். இல்லேன்னா இரும்பும் மரமும் ஒண்ணையொண்ணு தின்னுக்கிட்டே கெடக்கும்லா.” எந்த நிழற்படத்திலும் அந்த ரப்பர் பட்டை தெரியாது. லாரிக்கு அடியில் படுத்துப் பார்த்தாலும் கிரீஸும் சேறும் மூடியிருக்கும். அவர் சொன்ன பிறகு என் வண்டியிலும் சைக்கிள் டியூபிலிருந்து நறுக்கிய இழை ஒன்று அந்த இடத்தில் இருக்கிறது. அதை யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் அது இருந்தால்தான் பாடி சரியான உயரத்தில் உட்காருகிறது.

பலகைக்கு மெல்லிய வெனீர் மரச்சீவல். ஒரு அங்குலப் பலகை இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் கனம்தான் வரும். பக்கச் சட்டங்களுக்கு மருந்து தோய்க்காத தீக்குச்சி. கோவில்பட்டி இருக்கும் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. தீக்குச்சியின் இரண்டு மில்லிமீட்டர், நிஜ வண்டியில் ஏறத்தாழ இரண்டு அங்குலச் சட்டம். சக்கரம்தான் சிரமம். 9.00-20 டயரின் விட்டம் ஒரு மீட்டரை ஒட்டி வரும்; அது இங்கே 42 மில்லிமீட்டர். உடைந்த பொம்மை லாரிகளில் தேடினால் சில சமயம் அகப்படும்.

இனி வண்ணம். தேசிய அனுமதி பெற்ற சரக்கு வண்டிக்கு முன்பு மத்திய மோட்டார் வாகன விதிகளே நிறம் சொல்லியிருந்தன: காய்ந்த இலையின் பழுப்பு, சுற்றிலும் 30 சென்டிமீட்டர் அகலத்தில் வெள்ளைக் கரை. சட்டப் புத்தகத்தில் ஒரு நிறத்துக்குக் காய்ந்த இலையை அடையாளம் சொன்னவரை எனக்குப் பிடிக்கும். 30 சென்டிமீட்டர் ஓரடிக்குச் சற்றே குறைவு. ஆக என் வண்டிக்குக் கரை அரை அங்குலம். ஆனால் பெயின்டர் பூசிய அதே டப்பாவிலிருந்து எடுத்துப் பூசினால் சின்ன வண்டி இருண்டு போகும். பெரிய லாரியை நாம் பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று பார்க்கிறோம். நடுவில் இருக்கும் காற்றும் வெளிச்சமும் நிறத்தைக் கொஞ்சம் வெளுக்கச் செய்கின்றன. மேசைமேல் இருக்கும் வண்டிக்கு அந்தத் தூரம் கிடையாது. எனவே வெள்ளையும் சாம்பலும் கலந்து தூரத்தையும் நாமே பூச வேண்டியிருக்கிறது.

இப்போது உப்புக்கு வருகிறேன். பெயின்ட் உரிந்து துரு தெரிவதைக் காட்ட மாதிரி செய்பவர்கள் உலகெங்கும் கையாளும் முறை ஒன்று உண்டு. அதற்கு வேண்டிய முக்கியமான பொருள் உப்பு. ஆறுமுகநேரிக்காரன் இதைக் கேள்விப்பட்டபோது அடைந்த மகிழ்ச்சியை நான் விவரிக்க வேண்டியதில்லை.

முதலில் வண்டி முழுக்கத் துருவின் நிறம் பூச வேண்டும். ஒரே பழுப்பாக இருக்கக் கூடாது. பழைய துரு கறுத்துப் போயிருக்கும். புதுத் துரு மஞ்சளோடிய ஆரஞ்சாக இருக்கும். நன்றாக உலர்ந்த பிறகு, எங்கெங்கே உரிய வேண்டுமோ அங்கே மட்டும் தூரிகையால் தண்ணீர் தொட்டு ஈரமாக்க வேண்டும். அந்த ஈரத்தின் மேல் உப்பைத் தூவ வேண்டும். தண்ணீர் வற்றும்போது உப்பு தகட்டில் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் காய்ந்த இலைப் பழுப்பை மெல்லிய படலமாகப் பீய்ச்ச வேண்டும். காய்ந்ததும் கட்டைத் தூரிகையால் தேய்த்தால் உப்பு உதிர்ந்து, ஒவ்வொரு பரல் இருந்த இடத்திலும் அடியில் இருக்கும் துரு கண்ணைத் திறக்கும். விளிம்புகள் கரடுமுரடாக, இரண்டு இடம் ஒன்றுபோல இல்லாமல் வரும். தூரிகை பிடித்து ஒவ்வொன்றாக வரைந்தால் எவ்வளவு முயன்றாலும் கை ஒரு ஒழுங்குக்குப் போய்விடும். உப்பு அப்படிப் போகாது.

எந்த உப்பு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பொடியுப்பின் பரல் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 24 மடங்கு பெருக்கினால் ஒரு சென்டிமீட்டர். கல் தெறித்த அடையாளத்துக்குச் சரி. அளத்துக் கல்லுப்பு நான்கு மில்லிமீட்டர் வரை இருக்கும். அது உரித்த இடம் நிஜ வண்டியில் பத்து சென்டிமீட்டர். மட்கார்டின் அடியிலும் கேபின் கதவின் கீழும் அப்படித்தான் தாள் தாளாக உரிகிறது. கல்லுப்பைத் துணியில் கட்டி லேசாகத் தட்டினால் எல்லா அளவிலும் பரல்கள் கிடைக்கும். பிறகு அந்த வரிசையை நினைவில் வைத்துத் தூவ வேண்டும்: கீல், போல்ட்டுத் தலை, உள்வளைவு, அடிவிளிம்பு. நெற்றிப் பலகைப் பக்கம் ஒரு பரலும் போகக் கூடாது. வேலை முடிந்ததும் உப்பின் சுவடே இல்லாமல் கழுவிவிட வேண்டும். மிச்சம் இருந்தால் சின்ன வண்டியையும் அது சும்மா விடாது. இந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் தடம் விழும். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்ட் வாட்டர்தான் இதற்கு ஏற்றது.

உப்பள லாரி குதிரைமொழித் தேரிப் பக்கமும் போய்வந்திருந்தால் சக்கரத்திலும் பக்கப் பலகையிலும் செம்மண் படிந்திருக்கும். அதற்கு வெளிநாட்டிலிருந்து சின்னக் குப்பிகளில் நிறத்தூள் வருகிறது. தேரி மணலின் சிவப்பு, மணிகளின் மேல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடு. ஒரு பிடி மணலை அம்மியில் அரைத்து மல்துணியில் சலித்தால் வருவதைவிட உண்மையான தூள் எந்தக் குப்பியிலும் இல்லை.

நெற்றிப் பலகை எழுத்துக்கு உதவி எதுவும் கிடையாது. ஆங்கில எழுத்துகளுக்கு நீரில் ஊறவைத்து ஒட்டும் தாள்கள் எல்லா அளவிலும் வருகின்றன. தமிழுக்குக் கைதான். நிஜத்தில் பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள ‘ண’ இங்கே நான்கு மில்லிமீட்டருக்குள் தன் சுழிகள் அத்தனையையும் சுழித்து நிற்க வேண்டும். லாரி பெயின்டர்கள் இடது கையில் ஒரு கோலைப் பிடித்து, அதன்மேல் வலது மணிக்கட்டைச் சாய்த்துக்கொண்டு எழுதுவார்கள். நான் பென்சிலை அப்படி வைத்துக்கொள்கிறேன். மூச்சை விட்டுவிட்டு, அடுத்த மூச்சை இழுப்பதற்குள் ஒரு சுழி. அந்தப் பெயின்டர்களின் வேலையை இப்போது ஸ்டிக்கர் எடுத்துக்கொண்டது. எழுத்து நேராக இருக்கிறது, சரியாகவும் இருக்கிறது. ஆனால் எந்த வண்டியின் முருகனும் இப்போது தனி முருகன் இல்லை.

இந்த வேலைக்கும் பருவம் உண்டு. வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசி, கார்த்திகையில் அளத்தில் உப்பு விளையாது. என் மேசையிலும் வண்ணம் நடக்காது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, பெயின்ட் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். அந்த மாதங்களில் மரவேலையும் உப்புத்தாள் தேய்ப்பும் மட்டும். தை பிறந்து அளத்தில் பாத்தி கட்டத் தொடங்கும்போதுதான் இங்கே ஏர்பிரஷ்ஷுக்கும் வேலை வரும். ஆடிக்காற்றில் விடியற்காலை தவிர வேறு நேரம் பூச முடியாது. மண் பறக்கும்.

வண்டியைச் சிறிதாக்கிப் பார்க்கும் ஆசை இந்தக் கரைக்குப் புதிதல்ல. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் திருச்செந்தூர் முருகன்மேல் பகழிக்கூத்தர் பாடிய பிள்ளைத்தமிழ், ஆண்பாற் பிள்ளைத்தமிழ்களின் முறைப்படி சிறுதேர்ப் பருவத்தில்தான் முடிகிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் மூன்று சக்கரச் சிறுதேர் உருட்டியதைப் பட்டினப்பாலை பதிந்து வைத்திருக்கிறது. தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் நடத்திய அகழாய்வில் எருமையும் பறவையும் நிற்கும் வெண்கல மூடிகள் வந்தன. உள்ளங்கை அளவில் ஒரு எருமையைச் செய்தவர் அதன் கொம்பின் வளைவை எவ்வளவு நேரம் பார்த்திருப்பார் என்பது, எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவற்றின் முன் நின்றால் தெரியும். எங்கள் தலைமுறைக்கு நுங்கு வண்டி இருந்தது. நுங்கு தின்ற கூந்தல் இரண்டு, நடுவே ஒரு குச்சி, தள்ளுவதற்குக் கவட்டைக் கம்பு. தேய்ந்த ரப்பர் செருப்பில் வட்டமாக வெட்டிய சக்கரம், மீன் டின்னில் பாடி. அந்த மீன் டின் லாரியிலும் பின்கதவு திறந்து மூடும்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை சிறுவர்களுக்கு ஒரு போட்டி நடத்தியது. முதலில் நெப்போலியன் காலத்துக் குதிரைவண்டி, பிறகு சொந்தக் கற்பனையில் கார். வென்றவர்களுக்குக் கல்லூரி உதவித்தொகை. 1947இல் வென்ற சக் ஜோர்டன் அதே நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து வடிவமைப்புத் துறையின் தலைவர் ஆனார். மரத்தையும் உப்புத்தாளையும் கையில் எடுத்த பையன்களை நாளைக்கு வண்டி வடிவமைக்கப் போகிறவர்களாகப் பார்த்த நாடு அது. நம்மிடமும் அத்தகைய பையன்கள் நிறைய இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஃபோம் ஷீட்டிலும் சன்போர்டிலும் அரசுப் பேருந்துகளை ஜன்னல் கம்பி, டிரைவர் இருக்கை, தடப் பலகை வரை தத்ரூபமாகச் செய்கிற இளைஞர்களின் வேலையைப் பார்த்து வாயடைத்துப் போயிருக்கிறேன். செய்தித்தாளில் ஒரு நாள் படம் வருகிறது, அத்தோடு சரி. நாமக்கல்லிலோ கரூரிலோ இருக்கும் பாலிடெக்னிக் ஒன்று அவர்களை அழைத்து, நிஜப் பேருந்துப் பாடியின் முன் நிறுத்தினால் என்னவெல்லாம் நடக்கும்!

மைக்கேல் பால் ஸ்மித் என்றொரு அமெரிக்கர், 2018இல் இறந்தார். எல்ஜின் பார்க் என்று ஒரு கற்பனை ஊரை அவர் 24இல் ஒரு பங்கு அளவில் உருவாக்கினார். சின்னக் கார்களையும் சின்ன வீடுகளையும் ஒரு மேசையில் வைத்து, பின்னால் நிஜ மரங்களும் நிஜ வானமும் தெரிய, சாதாரண கேமராவில் படம் எடுத்தார். பார்ப்பவர்கள் அதை நிஜத் தெரு என்றே நம்பினார்கள். அவரைப் பார்த்துத்தான் நானும் முடித்த வண்டியை அளத்து வரப்பில் வைத்து, தரையோடு தரையாகப் படுத்துப் பார்க்கிறேன். தூரத்து உப்பு அம்பாரம் சரியான உயரத்தில் பின்னால் வந்து நின்றுவிடும். உப்பு வாரும் பெண்கள் அந்த வெயிலில், கண் கூசும் வெள்ளையின் மேல், நாள் முழுக்க நிற்பவர்கள். அவர்களில் ஒருவர் வந்து பார்த்து, “சுமை ஏத்தாம வச்சிருக்கியள, அண்ணாச்சி?” என்று கேட்டார். உப்பு மூட்டை இல்லாத லாரி அவர் கண்ணுக்கு முடியாத வேலை. அடுத்த வண்டியில் மூட்டைகள் உண்டு. பழைய வேட்டித் துணியில் தைத்தது.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். கொதிக்கும் என்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்த நாட்டின் சுமையைச் சுமந்தவர்களுக்கு எப்போதோ வந்திருக்க வேண்டிய விதி. இதை முழு மனதாக வரவேற்கிறேன். ஆலையிலேயே முழுதாக முடிந்துவரும் கேபின்கள் பெருகப் பெருக, ஆசாரி கட்டிய மரக் கேபினுக்கு இனி இடமில்லை என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. இப்போது அளங்களில் ஓடுவது அந்த வகையில் கடைசி வண்டிகள். இவை அருங்காட்சியகத்துக்குப் போகப்போவதில்லை. கோயம்புத்தூரில் கார்களுக்கு ஜிடி நாயுடு அறக்கட்டளையின் நல்ல அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. உப்பள லாரிக்கு இருக்கும் ஒரே இடம் பழைய இரும்புக்கடை. அங்கே முதலில் பிரித்து அடுப்புக்குப் போவது மரப் பாடிதான்.

உங்கள் வீட்டுப் பின்புறத்திலோ, சொந்தக்காரர் செட்டிலோ, டயர் இறங்கிப்போய் அப்படி ஒரு வண்டி நின்றால், எடைக்குப் போடும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். நாடா பிடித்து அளவெடுங்கள்: பாடியின் நீளம், அகலம், பக்கப் பலகையின் உயரம், பலகைகளின் எண்ணிக்கை, குறுக்குக் கட்டைகளின் இடைவெளி, கீல்கள் எத்தனை, நெற்றிப் பலகையின் வளைவு. பக்கத்தில் ஒரு அடிக்கோல் வைத்து நான்கு புறமும், அடியிலும் படம் எடுங்கள். கட்டிய ஆசாரி உயிரோடு இருந்தால் அவரைக் கூட்டிவந்து காட்டிக் கேளுங்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டில் எல்லாவற்றையும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். நோட்டு இருந்தால் போதும், வண்டியை யாராவது செய்துகொள்வார்கள்.